எந்த ஊர், எந்தத் தேதி: மும்பைத் தமிழரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் சயானுக்கும் தாராவிக்கும் நடுவே ஓர் ஊர்ச் சங்கத்துக்குச் சொந்தமான பத்துக்குப் பன்னிரண்டு அறை இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கை, வீட்டுத் தகுதிப் பட்டியல் என்று எது வேண்டுமானாலும். படிவம் நிரப்ப ஐந்து நிமிடம் போதும். அதைச் சுற்றி எழும் கேள்விகளுக்குத்தான் நேரம் ஆகிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்கிறார்கள், ஆய்வு செய்யும் கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள், எல்லோரையும்விடக் குடைந்து கேட்பவள் என் அண்ணன் மகள். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்ததால் எழுதி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எந்த ஊர்?

மும்பைத் தமிழனிடம் இதற்கு மூன்று பதில்கள் தயாராக இருக்கும். மராத்திக்காரர் கேட்டால் "சயான்". சென்னைக்காரர் கேட்டால் "திருநெல்வேலிப் பக்கம்". திருநெல்வேலிக்காரரே கேட்டுவிட்டால் பேச்சு அத்தோடு நிற்காது. எந்தக் கிராமம், கோயிலுக்குக் கிழக்கேயா மேற்கேயா, யார் வீட்டுப் பிள்ளை என்று நீளும். அவர் உண்மையில் கேட்பது சாதியை. நேரே கேட்டால் நாகரிகமில்லை என்பதால் தெரு வழியாகச் சுற்றி வருகிறார்.

என் அப்பா 1964இல் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்தார். நான் பிறந்தது இங்கே. 'சொந்த ஊர்' என்று நான் சொல்லும் இடத்தில் என் வாழ்நாளில் கழித்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறாது. ஆனாலும் படிவத்தில் அந்த ஊரின் பெயரைத்தான் எழுதுகிறேன்.

மும்பையில் இருப்பவர்களைப் 'புலம்பெயர் தமிழர்' என்று சொல்லலாமா? கடல் தாண்டவில்லையே?

டொரண்டோவில் இருப்பவர், சிங்கப்பூரில் இருப்பவர், இலங்கைப் போரிலிருந்து தப்பி ஐரோப்பா போனவர், இவர்களுக்கெல்லாம் அந்தச் சொல் எளிதாகப் பொருந்துகிறது. எங்களுக்கு அதைச் சொல்லத் தமிழ்நாட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். ஒரே நாடு, ஒரே ரூபாய், ரயில் ஏறினால் மறுநாள் ஊர் என்பது அவர்கள் கணக்கு. அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பும் இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கும் போய் வசிக்கலாம் என்று சொல்கிறது. அதுவும் உண்மைதான்.

ஆனால் குடியுரிமைதான் நம்மோடு ரயிலேறி வருகிறது. இட ஒதுக்கீடு வருவதில்லை, தாய்மொழிப் பள்ளி பாதிதான் வருகிறது, வீட்டுரிமை நாம் வந்து சேர்ந்த தேதியைப் பொறுத்தது. வெளிநாடு போனவரிடம் விசா கேட்பார்கள். எங்களிடம் 'எந்தத் தேதிக்கு முன் வந்தீர்கள்?' என்று கேட்பார்கள். 1950, 1967, 2000, 2011 என்று இந்தப் பக்கத்தில் பல தேதிகள் வரும். என்னைப் பொறுத்தவரை மும்பைத் தமிழனின் வரலாறு இந்தத் தேதிகளின் வரலாறுதான். 'புலம்பெயர்' என்ற சொல்லைப் போடுவதா வேண்டாமா என்பதைப் பேராசிரியர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியம் வெளிநாட்டில் இருப்பவர்களோடு வெளிமாநிலத்தில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஜனவரி 12ஆம் தேதியை அயலகத் தமிழர் நாளாகவும் கொண்டாடுகிறார்கள். ஆக, அரசுக் கணக்கில் நாங்களும் அயலகம்தான்.

மொத்தம் எத்தனை பேர்?

2011 கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிர மாநிலம் முழுவதிலும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 5 லட்சத்துக்குச் சற்று மேல். மேடைகளில் இதைப் பல மடங்காக்கிச் சொல்வார்கள். கைதட்டல் வாங்குவதற்காகச் சொல்வது அது. மராத்தியோ இந்தியோ வீட்டு மொழியாகிவிட்ட மூன்றாம் தலைமுறை இந்தக் கணக்கில் வராது என்பதும் உண்மை.

எப்போது, ஏன் வந்தார்கள்?

1871இல் பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் சந்தித்தன. அதன் பிறகுதான் தெற்கிலிருந்து பம்பாய்க்குப் போவது ஏழைக்கும் சாத்தியமாயிற்று.

வந்தவர்கள் இரண்டு வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள். ஒரு வாசல் தோல். தோல் பதனிடும் நாற்றத்தை நகரம் தன் எல்லைக்கு வெளியே தள்ளியது. அன்றைய எல்லை, கோலி மீனவர்களின் ஊரான தாராவி. அந்த வேலை தெரிந்த திருநெல்வேலிச் சீமை முஸ்லிம்களும், அதைச் செய்ய வைக்கப்பட்ட ஆதிதிராவிடர்களும் அங்கே வந்து சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டித் தாங்களே மேடாக்கிக் குடியேறினார்கள். பின்னால் நாடார்களும் தேவர்களும் கோனார்களும் மற்றவர்களும் கடைக்கும் கூலிக்கும் வந்தார்கள்.

இன்னொரு வாசல் தட்டச்சு இயந்திரம். 1896இல் பம்பாயைப் பிளேக் பிடித்தது. நெரிசலைக் குறைக்க 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஏற்படுத்தப்பட்டது. அது திட்டமிட்டு விரித்த பகுதிகளில் தாதர், மாட்டுங்கா இரண்டும் உண்டு. ஆங்கிலம் படித்த தஞ்சாவூர், பாலக்காட்டுப் பிராமணர்கள் குமாஸ்தா, சுருக்கெழுத்தர் வேலைகளுக்கு வந்து மாட்டுங்காவில் வாடகைக்கு அமர்ந்தார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952இல் ஷண்முகானந்தா சபை தொடங்கி, 1963இல் அரங்கமும் எழுந்தது. 1990இல் தீப்பிடித்து எரிந்த அந்த அரங்கத்தைத் திருப்பிக் கட்டி 1998இல் திறந்தார்கள்.

மாட்டுங்காத் தமிழரும் தாராவித் தமிழரும் ஒன்றா?

நடந்து போனால் அரை மணி நேரம். என் அப்பா அறுபது ஆண்டுகளில் ஷண்முகானந்தா அரங்கத்துக்குள் போனதில்லை. டிக்கெட் வாங்கக் காசு இல்லாத காலம் போய்க் காசு வந்த பிறகும் போகவில்லை.

எல்லோரையும் 'மதராசி' என்கிறார்களே, கோபம் வராதா?

இளவயதில் வந்தது. இப்போது எரிச்சலூட்டுவது 'அண்ணா' என்ற சொல்தான். அது இந்த நகரத்தில் உறவுச் சொல்லாக இல்லாமல் தென்னிந்தியன் என்பதற்குப் பெயராகிவிட்டது. சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கிக்கொண்டு விடியற்காலையில் இட்லி விற்கக் கிளம்புபவரை எழுபது வயதுப் பெரியவர்கூட 'அண்ணா' என்றுதான் அழைக்கிறார். அந்த இட்லிகளில் பெரும்பகுதி தாராவிச் சந்துகளில் அவிந்தவை. நகரம் காலையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மாலையில் தாராவி அசுத்தம் என்று பேசும்.

1960களில் தமிழர்களை அடித்து விரட்டினார்களாமே, உண்மையா?

அடித்தது உண்மை. விரட்ட முடியவில்லை.

பின்னணி தெரிந்தால்தான் விளங்கும். மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது பம்பாயை மராத்தியருக்குத் தர டெல்லிக்கும் இங்கிருந்த முதலாளிகளுக்கும் மனமில்லை. சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1960 மே 1ஆம் தேதி பம்பாயைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் பிறந்தது. தலைநகரம் கிடைத்த பின் அலுவலகங்களுக்குள் எட்டிப் பார்த்தால் மேசைகளில் குஜராத்தியும் தென்னிந்தியரும் இருந்தார்கள். பால் தாக்கரே தம் 'மார்மிக்' இதழில் பெரிய நிறுவனங்களின் அதிகாரிகள் பெயர்ப் பட்டியலை அச்சிட்டார். படித்துப் பார்த்தால் தென்னாட்டுப் பெயர்களாக வரும். 1966 ஜூன் 19இல் அவர் சிவசேனைக் கட்சியைத் தொடங்கினார். 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' என்று முழக்கம். ஊதுகுழலை ஊது, லுங்கிக்காரனைத் துரத்து என்று பொருள். 1967 தேர்தலில் வி.கே. கிருஷ்ண மேனன் வடகிழக்கு பம்பாயில் நின்று தோற்றார். அவரை எதிர்த்துச் சேனை வேலை செய்தது. அவர் மலையாளி, ஆனால் அந்த முழக்கத்தில் எல்லோரும் லுங்கிக்காரர்தான்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. புகார், மேசை வேலைகளைப் பற்றியது. அடி விழுந்தது உடுப்பி ஓட்டல் பரிமாறுபவன் மேலும் தெருக்கடைக்காரன் மேலும். பட்டியலில் பெயர் வந்த அதிகாரி மாடிக்குடியிருப்பில் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா அப்போது வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. வேட்டியை மூட்டைக்குள் வைத்துவிட்டுக் கால்சட்டை தைத்துக்கொண்டார். அந்தக் கால்சட்டைக்கு ஆன தையல் கூலியை இன்றுவரை குறைசொல்லுவார். பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படியென்றால் மராத்தியர் நமக்கு எதிரிகளா?

இல்லை. பம்பாய்த் தமிழன் பிழைத்தது மராத்தி அண்டை வீட்டாரோடுதான். மராத்தியரின் கவலையில் நியாயமே இல்லை என்று தமிழன் சொன்னால் அதைவிட வேடிக்கை கிடையாது. தன் ஊரில் தன் மொழி இரண்டாம் இடத்துக்குப் போகுமோ என்ற பயம் நமக்குப் புதிதா?

2025இல் மகாராஷ்டிர அரசு ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்தியை மூன்றாம் மொழியாக்க ஆணையிட்டது. எதிர்ப்பு வலுத்ததால் ஜூன் கடைசியில் திரும்பப் பெற்றது. ஜூலை 5ஆம் தேதி வொர்லியில் உத்தவ் தாக்கரேயும் ராஜ் தாக்கரேயும் ஒரே மேடையில் ஏறினார்கள். சென்னையிலிருந்து மு.க. ஸ்டாலின் வாழ்த்துச் சொன்னார். லுங்கிக்காரனைத் துரத்தக் கிளம்பியவரின் மகனும் தம்பி மகனும் நிற்கும் மேடையை இந்தி எதிர்ப்பின் ஊர் வாழ்த்தியது. அன்று எங்கள் சங்க அறையில் பெரியவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது.

எதிர்த்திசைப் பயணத்தையும் சொல்ல வேண்டும். போன்ஸ்லே மரபினர் பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரைப் பிடித்து 1855 வரை அரசாண்டார்கள். பெரிய கோயில் சுவரில் அவர்கள் மராத்தியில் வெட்டி வைத்த நீண்ட கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அவர்களோடு வந்தவர்களின் சந்ததி இன்றும் தமிழ்நாட்டில் வீட்டுக்குள் ஒரு பழைய மராத்தி பேசுகிறது. அவர்களைப் 'போ' என்று சொல்ல நமக்குத் தோன்றியதில்லை. மறுபக்கத்தில் நாம் மன்னர்களாக வரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

தமிழ்நாட்டில் யாரும் சாதிப் பெயரைப் பின்னால் போடுவதில்லை. மும்பைக்காரர்கள் மட்டும் ஏன் நாடார், தேவர், முதலியார் என்று போட்டுக்கொள்கிறீர்கள்?

நல்ல கேள்வி, என்னைப் போலப் படிவம் நிரப்புகிறவனுக்குத்தான் இதன் விடை தெரியும். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. தமிழ்நாடு மெல்ல மெல்லக் கேட்டுக்கொண்டது. தந்தை பெயரின் முதல் எழுத்தும் தன் பெயரும் போதும் என்று ஆயிற்று.

மகாராஷ்டிரப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் வாங்க மாட்டார்கள். அப்பாக்கள் அந்தக் கட்டத்தின் முன் திகைத்து நின்றார்கள். மேல்சாதி, இடைச்சாதிக்காரர்கள் பட்டப்பெயரை எழுதினார்கள். எழுதப் பெருமையில்லாத பெயர் கொண்டவர்கள் ஊர்ப் பெயரையோ தாத்தா பெயரையோ எழுதினார்கள். இதனால் குடும்பப் பெயரை வைத்தே யார் எவர் என்று இங்கே கண்டுபிடித்துவிடலாம். பெரியார் ஊரில் அழிந்த பட்டம் ஒரு வெற்றுக் கட்டத்தின் புண்ணியத்தால் அம்பேத்கர் ஊரில் உயிர்பெற்றது.

என் அப்பா மூன்றாவது கட்டத்தில் தாத்தாவின் பெயரை எழுதினார். அதனால் என் மராத்தி நண்பர்கள் என்னை என் தாத்தா பெயரால் கூப்பிடுகிறார்கள். தாத்தாவை நான் பார்த்ததே இல்லை.

நான் ஆதிதிராவிடர். மும்பையில் பிறந்தேன். எனக்கு இங்கே எஸ்.சி. சான்றிதழ் கிடைக்குமா?

சனிக்கிழமைகளில் மிக அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்காத கேள்வியும் இதுதான்.

உங்கள் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே இன்றைய மகாராஷ்டிரத்தில் நிலையாக வசித்ததற்கு ஆவணம் காட்ட முடிந்தால் வழி உண்டு. அது பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள். பழங்குடியினருக்கு 1950 செப்டம்பர் 6. இங்குள்ள பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு 1967 அக்டோபர் 13. அதற்குப் பின் வந்தவர்களுக்கு மகாராஷ்டிர அரசின் வேலையிலும் கல்லூரியிலும் ஒதுக்கீடு இல்லை. சொந்த மாநிலச் சான்றிதழின் அடிப்படையில் மத்திய அரசு வேலைக்கும் மத்திய நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டிலும் உரிமை இருக்கிறது. வாழும் ஊரில்தான் இல்லை.

காரணம், அரசியலமைப்பின் 341ஆம் உறுப்பு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பட்டியல் வகுக்கிறது. ஆந்திரத்திலிருந்து தந்தையோடு பம்பாய்க்கு வந்த பழங்குடி மாணவர் ஒருவர் இங்கே மருத்துவ இடம் கேட்டு வழக்குப் போட்டார். 1990இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஒரு மாநிலத்தில் ஒரு சாதி அனுபவித்த இன்னல் அந்த மாநிலத்தின் சூழலைச் சேர்ந்தது, இடம்பெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்பது தர்க்கம். 1994இலும் 2018இலும் இது உறுதி செய்யப்பட்டது. 2018 தீர்ப்பில் டெல்லிக்கு மட்டும் வேறு நிலை ஏற்கப்பட்டது. ஆகவே டெல்லியில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதி.

ஆனால் 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி வேறு ஒன்று சொன்னது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் இந்தியாவில் எங்கே போய் வாழ்ந்தாலும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்றது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. சாதியை வைத்து என்னைத் திட்டினால் நான் மும்பையிலும் எஸ்.சி.; கல்லூரியில் இடம் கேட்டால் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் அண்ணன் மகளுக்கு விளக்க முயன்றேன். "அப்படியானால் சாதி எல்லை தாண்டி வந்ததா இல்லையா, சித்தப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

என் கதை இதுதான். அப்பா பதினான்கு ஆண்டு தாமதமாக வந்தார். 1950க்கு முன் வந்த பக்கத்து வீட்டுக்காரரின் மகன் ஒதுக்கீட்டில் படித்துப் பொறியாளரானான். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே தோல் கிடங்கு. நான் ஓர் அலுவலக முகப்பில் என் தமிழ்நாட்டுச் சான்றிதழை நீட்டியபோது அங்கிருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த எழுத்தை யார் படிப்பது?" என்று கேட்டார். மொழிபெயர்த்துக் கொண்டுபோனேன். அதன் பிறகு தேதியைக் கேட்டார்.

கிறிஸ்தவராக மாறிய குடும்பங்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டும்தான்.

தாராவி தனித்தொகுதி. அங்கே தமிழ்த் தலித் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாமே?

நிற்க முடியாதவர்கள்தான் அதிகம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, சட்டமன்றத் தனித்தொகுதியில் நிற்பவர் அந்த மாநிலத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். மக்களவைத் தனித்தொகுதி என்றால் எந்த மாநிலத்தின் பட்டியல் சாதியாக இருந்தாலும் போதும். அதாவது 1950க்குப் பின் வந்த தாராவிக்காரர் டெல்லி நாடாளுமன்றத்துக்குத் தனித்தொகுதியில் போட்டியிடலாம். தன் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டுச் சட்டமன்றம் போக முடியாது.

பக்கத்துச் சயான் கோலிவாடா பொதுத்தொகுதி. அங்கே பாரதிய ஜனதா கட்சியின் கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 மூன்று முறையும் வென்றிருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். 2008 நவம்பர் 26 தாக்குதலின்போது காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவர். அவர் கட்சியின் அரசியலை ஏற்காதவர்கள்கூட 'நம்ம ஆள்' என்று ஓட்டுப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அது சரியா தவறா என்ற விவாதம் அவரவர் வீட்டில் நடக்கட்டும்.

மும்பைத் தமிழன் என்றால் தாதாதானே?

ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்த ஹாஜி மஸ்தானும், தூத்துக்குடியில் பிறந்த வரதராஜ முதலியாரும் உண்மையில் இருந்தவர்கள். அவர்களைப் பார்த்துப் படங்களும் எடுத்தாயிற்று. இட்லிக்காரரைப் பற்றி யாராவது படம் எடுத்தால் சொல்லி அனுப்புங்கள்.

பிள்ளைகள் தமிழில் படிக்கப் பள்ளி உண்டா?

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் அவற்றில் ஒன்று. இந்தியாவில் வேறெந்த ஊராவது இப்படிச் செய்கிறதா என்று பெருமையாகக் கேட்கலாம், அதில் தவறில்லை. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்ற அரசியலமைப்பின் 350ஏ உறுப்புக்கு மரியாதை செய்யும் ஏற்பாடு. ஆனால் தொடக்கப் பள்ளியை முடித்த பிள்ளை அதற்கு மேல் தமிழ் வழியில் தொடர இடம் தேடி அலைய வேண்டும். பாதியில் இந்தி வழிக்கோ ஆங்கில வழிக்கோ மாறிய பிள்ளைகள் இரண்டு மொழியிலும் தடுமாறியதைப் பார்த்த பெற்றோர், அடுத்த பிள்ளையை முதலிலேயே ஆங்கிலப் பள்ளியில் விட்டார்கள். தமிழ் வகுப்புகள் இளைத்தன. பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படித்தான் செய்தேன்.

தமிழர்கள் இங்கே மொழிச் சிறுபான்மையினர். எனவே கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை உண்டு, மொழிச் சிறுபான்மைத் தகுதி பெற்ற கல்லூரிகளில் அந்த மொழிக்காரர்களுக்கு ஒரு பங்கு இடமும் உண்டு. அந்த இடத்துக்குத் தாய்மொழி தமிழ் என்று காட்டப் பள்ளி விடுகைச் சான்றிதழைப் பார்ப்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது 'தாய்மொழி' கட்டத்தில் அவசரத்தில் இந்தி என்று எழுதியவர்கள் பதினைந்து ஆண்டு கழித்து என்னிடம் வருகிறார்கள். தயவுசெய்து அந்தக் கட்டத்தில் தமிழ் என்று எழுதுங்கள்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பி அரசு வேலை தேடலாமா?

தேடலாம். ஆனால் 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு, தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ் மொழித் தாளில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் பேசும், தமிழ் எழுதத் தெரியாத மும்பைப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். கொள்கை சரியானது, தமிழ்நாட்டில் வேலை செய்பவருக்குத் தமிழ் தெரியத்தான் வேண்டும். ஆனால் என்ன செய்வது, இங்கே மராத்தி தெரியாதவன், அங்கே தமிழ் எழுதாதவன் என்று இரண்டு பக்கமும் ஒரே பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறது. கோடை விடுமுறையில் சங்க அறையில் எழுத்துப் பயிற்சி நடக்கிறது. கட்டணம் இல்லை. பெரியவர்களும் வரலாம், போன ஆண்டு ஒரு பாட்டி வந்து பேத்தியைவிட முன்னால் 'ழ' போட்டார்.

தாராவி மறுகட்டமைப்பில் தமிழர்களுக்கு வீடு கிடைக்குமா?

தமிழரா என்று யாரும் கேட்கப்போவதில்லை. தேதியைக் கேட்பார்கள்.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தின் ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்புத் தொகையோடு எடுத்தது. திட்ட நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80, மாநில அரசுக்கு 20 விழுக்காடு பங்கு. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததாக நிரூபித்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய். மாடியில் இருப்பவர்களுக்கு வெளியே வாடகை வீடு, பின்னால் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு. வெளியே என்றால் தேவனார், முலுண்ட் போன்ற பெயர்கள் அடிபடுகின்றன. தேவனாரில் இருப்பது நகரத்தின் குப்பைமேடு.

தாராவி வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தவை. அப்பா கீழே கடை வைத்தார், மூத்தவன் கல்யாணத்துக்கு ஒரு மாடி, இளையவனுக்கு இன்னொன்று. இப்போது ஒரே ஏணியில் கீழே இருப்பவர் தாராவிக்காரர், மேலே இருப்பவர் வெளியூர்க்காரர். தொழிலையும் யோசியுங்கள். காலை நாலு மணிக்கு இட்லி அவிப்பவருக்கு முலுண்டில் வீடு கொடுத்தால் சைக்கிளில் எப்படி வருவார்? பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்களே, அதை எந்த மாடி முற்றத்தில் வைப்பார்கள்? நல்ல கழிப்பறையும் ஒழுகாத கூரையும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. என் அம்மா ஐம்பது ஆண்டுகள் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றவர். குடிசை வாழ்வின் அழகைப் பற்றி அவரிடம் யாரும் பேச வேண்டாம்.

என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும்?

அசல் எல்லாமும், இரண்டிரண்டு நகலும். 1950 தேதிக்கு: தாத்தாவின் பள்ளிப் பதிவு, பிறப்பு இறப்புப் பதிவேட்டின் நகல், பழைய வாடகை ரசீது, கிடங்கு அல்லது மில் சம்பளச் சீட்டு, எது இருந்தாலும். 2000 தேதிக்கு: வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள பக்கம், மின்கட்டண ரசீது. ஒரே ஆளின் பெயர் ஒன்றில் முருகன் என்றும் ஒன்றில் முருகேசன் என்றும் இருந்தால் பயப்பட வேண்டாம், பிரமாணப் பத்திரம் எழுதிச் சரிசெய்யலாம். அதற்குத் தனியாக ஒரு நாள் வாருங்கள். முதியவர்களை அலைக்கழிக்காமல் காகிதத்தை மட்டும் முதலில் கொடுத்து அனுப்புங்கள். அறை சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திறக்கும். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் திறக்காது. அன்று வராதீர்கள், காகிதம் நனைந்துவிடும்.